என்க்ளோஷர்ல போட்ட எஸ்எஸ்டி 38 எம்பிக்கு மேல போகல, போலியா?

கரிக்குருவி | ஜூன் 3, இரவு 9.12

லேப்டாப்ல இருந்து கழற்றின 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு சும்மா கிடந்தது. அதுக்குன்னு யூஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை உள்ள வெச்சு யூஎஸ்பில மாட்டற கூடு) வாங்கிப் போட்டேன். பெட்டி மேல 10 ஜிபிபிஎஸ்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. காப்பி பண்ணா நொடிக்கு 38, 39 எம்பிதான். உள்ள இருந்தப்ப 2000-க்கு மேல வந்த ட்ரைவ் இது. என்க்ளோஷர் போலின்னு முடிவு பண்ணிட்டேன், நாளைக்குத் திருப்பி அனுப்பப் போறேன். வேற யாருக்காவது இப்படி ஆச்சா?

திருப்புளி | ஜூன் 3, இரவு 9.40

அனுப்பாதீங்க. எந்த கேபிள் போட்டிருக்கீங்க?

திருப்புளி | ஜூன் 3, இரவு 9.58

பதில் வர்றதுக்குள்ள சொல்லி வைக்கிறேன். 38-ங்கிற எண்ணே பாதி துப்பு கொடுத்துடுது. யூஎஸ்பி 2.0-வோட வேகம் 480 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். 8 பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். பேச்சுவார்த்தைச் செலவெல்லாம் போக கைக்கு வர்றது நொடிக்கு 35-லிருந்து 42 எம்பிக்குள்ள. பழுதான ட்ரைவோ போலி ட்ரைவோ இப்படி ஒரே இடத்துல ஆடாம அசையாம நிக்காது, ஏறும் இறங்கும், சில சமயம் பூஜ்யத்துக்கே போகும். 38-லயே கோடு போட்ட மாதிரி நின்னா ட்ரைவ் நல்லாத்தான் இருக்கு, இணைப்புதான் யூஎஸ்பி 2.0-ல விழுந்திருக்கு.

அப்படி விழ மூணு வழி இருக்கு. ஒண்ணு, சார்ஜர் கேபிள். டைப்-சி முனை இருந்தா எல்லாமே வேகமான கேபிள்னு நினைச்சுக்கறோம். போனோட வர்ற கேபிள்ல பெரும்பாலும் பவர் வயரும் யூஎஸ்பி 2.0-க்கான ஒரு ஜோடி டேட்டா வயரும்தான் இருக்கும். தடிமனைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, 100 வாட் சார்ஜிங் கேபிள்லயும் டேட்டா 480 எம்பிபிஎஸ்தான்னு இருக்கறது சாதாரணம்.

ரெண்டாவது, டைப்-ஏ முனையை மெதுவா செருகறது. சிரிக்காதீங்க, இது நிஜம். அந்த பிளக்ல யூஎஸ்பி 2.0 பின்கள் முன்னாடியும் வேகமான பின்கள் உள்ளேயும் இருக்கு. பதமா, மெல்லமா தள்ளினா முன் பின்கள் முதல்ல தொட்டு, கம்ப்யூட்டர் இது 2.0 சாதனம்னு பதிஞ்சுக்கும். கழற்றி ஒரே தள்ளா தள்ளுங்க.

மூணாவது, டைப்-சி முனையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கறது. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு விற்கறாங்க. ஆனா ஒரு பக்கத்து பின் தேய்ஞ்சிருந்தாலோ அழுக்கு இருந்தாலோ ஒரு திசையில வேகம், மறு திசையில நத்தை.

கரிக்குருவி | ஜூன் 3, இரவு 10.21

போன் சார்ஜர் கேபிள்தான். பெட்டில வந்தது ரொம்பக் குட்டையா இருந்ததுன்னு மாத்திட்டேன். பெட்டி கேபிள் போட்டேன். 930 வருது!! மன்னிச்சிருங்க எல்லாரும்.

மேசைவிளக்கு | ஜூன் 3, இரவு 10.30

மன்னிப்பு என்க்ளோஷர்கிட்ட கேளுங்க. எங்ககிட்ட எதுக்கு.

திருப்புளி | ஜூன் 3, இரவு 10.44

930 சரியான எண். 10 ஜிபிபிஎஸ் இணைப்புல நடைமுறையில 900-லிருந்து 1050-க்குள்ள வரும். லேப்டாப்புக்குள்ள வந்த 2000 வெளியில வராது. உள்ள அது பிசிஐஇ-ல, அதாவது மதர்போர்டோட வேகமான உள் இணைப்புல, நேரடியா உட்கார்ந்திருந்தது. வெளியில நடுவுல ஒரு பிரிட்ஜ் சிப் நின்னு பிசிஐஇ-யை யூஎஸ்பியா மொழிபெயர்க்குது. ஒருவேளை எங்கேயாவது 430, 450 மட்டும் வந்தா அது 5 ஜிபிபிஎஸ் போர்ட். அந்தப் போர்ட்டுக்கு முதல்ல 3.0-ன்னு பேர் வெச்சாங்க, அப்புறம் 3.1 ஜென் 1, அதுக்கப்புறம் 3.2 ஜென் 1. ஒரே பிள்ளைக்கு மூணு பேர். அதனால பெட்டில 3.2-ன்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க, பக்கத்துல ஜிபிபிஎஸ் எண் இருக்கான்னு பாருங்க.

கரிக்குருவி | ஜூன் 5, காலை 7.50

சந்தோஷம் ரெண்டு நாள் கூட நிக்கல. வீடியோ கோப்புகள் பெரிய மூட்டை ஒண்ணை ஏத்தினேன். 900-ல ஜோரா போயிட்டு இருந்தது, திடீர்னு ட்ரைவே காணாமப் போச்சு. டிங் டாங் சத்தம், திரும்ப வந்தது, காப்பி அறுந்து போச்சு. மறுபடி ஏத்தினா மறுபடி அதே. பழைய சார்ஜர் கேபிள்ல விடிய விடிய ஓடியும் ஒரு தடவை கூட அறுந்ததில்லை! இப்ப சொல்லுங்க, நல்ல கேபிள் எது?

திருப்புளி | ஜூன் 5, காலை 8.35

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். மெதுவான கேபிள் உங்க என்க்ளோஷரைக் காப்பாத்திட்டு இருந்தது. 38 எம்பில எழுதும்போது எஸ்எஸ்டி பாதி நேரம் தூங்குது. கரன்ட்டும் இழுக்காது, சூடும் ஏறாது. வேகம் கூடினதும் ரெண்டும் சேர்ந்து எகிறும். ஏற்கெனவே இருந்த கோளாறு இப்பத்தான் வெளியில வருது.

சூடு, கரன்ட், கேபிள், பிரிட்ஜ் சிப்போட ஃபர்ம்வேர் (அதுக்குள்ள ஓடற மென்பொருள்). இந்த வரிசையில சந்தேகப்படறேன். சூட்டுல இருந்து ஆரம்பிப்போம். காப்பி ஓடி அறுந்து போன உடனே பெட்டியைத் தொட்டுப் பாருங்க. கையில வெச்சிருக்க முடியாத அளவு கொதிக்குதா?

கரிக்குருவி | ஜூன் 5, காலை 9.02

இல்லையே. வெதுவெதுப்புக் கூட இல்லை, ஜில்லுனுதான் இருக்கு. அப்போ சூடு இல்லை, சரியா?

திருப்புளி | ஜூன் 5, காலை 9.15

ஜில்லுனு இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கல. அலுமினியப் பெட்டி சுடணும். சுட்டா உள்ள இருக்கற சூடு வெளியில வருதுன்னு அர்த்தம். 900 எம்பில சில நிமிஷம் ஓடின பிறகும் பெட்டி குளிர்ச்சியா இருந்தா சூடு சிப்போடயே தங்கிடுச்சு. திறந்து பாருங்க. தெர்மல் பேட்ல (சிப் சூட்டை மூடிக்குக் கடத்தற மெத்துத் துண்டு) நீல நிறத்துலயோ நிறமே இல்லாமலோ மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், ரெண்டு பக்கமும். ரெண்டையும் உரிச்சீங்களா? ஒரு பக்கம் உரிச்சதோட விட்டுடறவங்க நிறைய. தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டுவந்த என்க்ளோஷரைத் திறந்தா ரெண்டு தாளும் அப்படியே இருந்தது, மேல் தாள்ல இங்கே உரிக்கவும்னு அம்புக்குறி வேற.

உரிச்சிருந்தா அடுத்தது: பேடைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. பேட் மெத்துனு இருக்கற பொருள், சிப் நல்லா அழுந்தியிருந்தா அதோட நாலு விளிம்பும் பேட்ல பள்ளமா பதிஞ்சிருக்கும். பேட் வழவழன்னு புதுசு மாதிரி இருந்தா அது எதையும் தொடவே இல்லை.

எஸ்எஸ்டி மேல இருக்கற ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். வாரன்டியும் போகும், சில ஸ்டிக்கருக்கு அடியில சூடு பரவறதுக்குன்னே தாமிரத் தாள் வெச்சிருப்பாங்க.

கரிக்குருவி | ஜூன் 5, மாலை 6.48

தாள் உரிச்சுத்தான் இருந்தது. பேட்ல ரெண்டு சதுரம் பதிஞ்சிருக்கு, மத்த இடம் வழவழ. பேட் எஸ்எஸ்டியை விடக் குட்டை. கனெக்டர் பக்கம் ஒரு சின்ன சதுர சிப் இருக்கு, அதுக்கு மேல பேடே இல்லை. முக்கியமான சிப்பா அது?

மேசைவிளக்கு | ஜூன் 5, மாலை 6.55

பேடை மூடிக்கு நடுவுல பார்க்க அழகா ஒட்டியிருக்கீங்களோ?

கரிக்குருவி | ஜூன் 5, மாலை 6.57

...ஆமா.

திருப்புளி | ஜூன் 5, இரவு 8.10

அந்தச் சின்ன சதுரம்தான் கன்ட்ரோலர், எஸ்எஸ்டியோட மூளை. எஸ்எஸ்டில அதிகம் சுடற ஆள் அவர்தான். பேட் பதிஞ்ச ரெண்டு பெரிய சதுரமும் டேட்டா தங்கற ஃபிளாஷ் சிப்கள், அவங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பேடைக் கனெக்டர் பக்கம் நகர்த்துங்க. ரெண்டு பக்கமும் சிப் இருக்கற எஸ்எஸ்டின்னா அடியிலயும் மெல்லிசா ஒரு பேட் வேணும். ஆனா தடிமனான பேடைத் திணிச்சு மூடியை அழுத்தி மூடாதீங்க, பலகை வளைஞ்சுடும்.

இன்னொண்ணு, இதை யாரும் பேசறதே இல்லை. என்க்ளோஷரோட சொந்த பலகையில பிரிட்ஜ் சிப் இருக்கு. அதுவும் சுடும். எஸ்எஸ்டி கன்ட்ரோலர் சூடானா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், அந்த அறிவு அதுக்கு உண்டு. பிரிட்ஜ் சிப் பெரும்பாலும் அப்படி நாசூக்கா நடந்துக்காது. ரீசெட் ஆகும், அல்லது தொங்கிடும். நீங்க சொன்ன டிங் டாங் அந்த வகை மாதிரிதான் தெரியுது. பேட்ல மிச்சம் இருந்தா கத்தரிச்சு அதுக்கும் ஒரு துண்டு வைங்க.

வேகம் குறையறதுக்கும் அறுந்து போறதுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. காப்பி வரைபடம் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கினா சூடு. ஒரு கட்டம் வரைக்கும் 900, அப்புறம் செங்குத்தா விழுந்து அங்கேயே படுத்துக்கிட்டா எஸ்எல்சி கேஷ் (எழுதறதை முதல்ல வாங்கி வெச்சுக்கற வேகமான பகுதி) நிரம்பிடுச்சு. அது கோளாறே இல்லை, ஒரு செல்லுல நாலு பிட் வெக்கற சில க்யூஎல்சி ட்ரைவ்ல கேஷ் தீர்ந்தா 100 எம்பி பக்கம் வந்துடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா சரியாகும். ட்ரைவே மறைஞ்சா, சூடோ கேஷோ மட்டும்னு முடிவு கட்டாம கரன்ட்டையும் இணைப்பையும் பார்க்கணும்.

கரிக்குருவி | ஜூன் 6, மதியம் 1.20

பேட் நகர்த்தினேன். லேப்டாப்ல மொத்த மூட்டையும் ஒரே மூச்சுல ஏறிடுச்சு. பெட்டி நல்லா சுடுது, சுடறதைப் பார்த்து சந்தோஷப்பட்டது வாழ்க்கையில முதல் தடவை. ஆனா மேசைக் கம்ப்யூட்டரோட முன்பக்க போர்ட்ல போட்டா பழையபடி அறுந்து போகுது.

திருப்புளி | ஜூன் 6, மதியம் 2.05

அப்போ காலையில மனசுக்குள்ள சூடு மட்டும்தான்னு தீர்ப்பு எழுதி வெச்சதைக் கிழிச்சுப் போடறேன். ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு.

எஸ்எஸ்டி ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல 3.3 வோல்ட்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல ஆம்பியர். அது என்ன?

கரிக்குருவி | ஜூன் 6, மதியம் 2.11

3.3 வோல்ட், 2.5 ஆம்பியர்.

திருப்புளி | ஜூன் 6, மதியம் 2.40

பெருக்கினா 8.25 வாட். அது உச்சக் கணக்கு, எப்பவும் அவ்வளவு இழுக்காது. ஆனா முழு வேகத்துல எழுதும்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பிரிட்ஜ் சிப்புக்கும் வோல்ட் மாத்தறதுல போற நஷ்டத்துக்கும் மேல கொஞ்சம். முன்பக்கத்து டைப்-ஏ போர்ட் யூஎஸ்பி 3 விதிப்படி தரக் கடமைப்பட்டது 5 வோல்ட்ல 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். நிறைய போர்ட் அதுக்கு மேலயும் தாராளமா தரும், ஆனா அது அதோட பெருந்தன்மை. டைப்-சி போர்ட் 1.5 அல்லது 3 ஆம்பியர் தர்றேன்னு முன்கூட்டியே சொல்ல முடியும். 3-ன்னா 15 வாட். உங்க லேப்டாப்ல பிழைச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முன்பக்க போர்ட்டுக்கு இன்னொரு தொல்லை, அது மதர்போர்டுல இருந்து கேபினட்டுக்குள்ளயே நீளமா ஒரு ஒயர் வழியா வருது.

ஊகம் போதும், சோதிக்கலாம். ட்ரைவோட உடல்நிலையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் இருந்தா, ஸ்மார்ட் பட்டியல்ல (ட்ரைவ் தன்னைப் பத்தித் தானே வெச்சிருக்கற குறிப்பு) அன்சேஃப் ஷட்டவுன்ஸ்னு, சொல்லாம கரன்ட் போன தடவைகளோட எண்ணிக்கை இருக்கும். அறுந்து போறதுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பாருங்க. ஏறியிருந்தா எஸ்எஸ்டிக்கே கரன்ட் போயிருக்கு. ஏறலைன்னா எஸ்எஸ்டி முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தது, நடுவுல இணைப்பு மட்டும் அறுந்திருக்கு.

திருப்புளி | ஜூன் 6, மதியம் 2.52

மேலே சொன்னதுல ஒரு ஓட்டை. சில பிரிட்ஜ் சிப்கள், ஒழுங்கா எஜெக்ட் பண்ணிக் கழற்றினாலும் எஸ்எஸ்டிகிட்ட சொல்லாமலேயே கரன்ட்டை நிறுத்திடும், எண்ணிக்கை ஏறிடும். அதனால முதல்ல எஜெக்ட் பண்ணி ஒரு தடவை கழற்றி மாட்டி அந்த எண் நகருதான்னு பார்த்துக்கோங்க. பட்டியலே காலியா வந்தா பிரிட்ஜ் சிப் ஸ்மார்ட் தகவலைக் கடத்தலைன்னு அர்த்தம். ஆர்டிஎல்9210, ஏஎஸ்எம்2362, ஜேஎம்எஸ்583-ங்கிற பிரிட்ஜ் சிப்கள் எல்லாத்துலயும் படிக்க வழி உண்டு.

மேசைவிளக்கு | ஜூன் 6, மாலை 4.30

நானும் ஒரு நோயாளி. என்னோடது ராஸ்ப்பெரி பை-ங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ், யூஎஸ்பில மாட்டின சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டி. சூடும் இல்லை, கரன்ட்டுக்குத் தனி அடாப்டர். ஆனாலும் கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) பதிவுல யூஏஎஸ் ரீசெட்னு வரிசையா வந்து தொங்குது.

திருப்புளி | ஜூன் 6, மாலை 5.45

உங்களோடது வேற கதை. யூஎஸ்பி சேமிப்புக்கு ரெண்டு மொழி இருக்கு. பழசு ஒரு கட்டளை அனுப்பி, பதில் வந்தாத்தான் அடுத்தது அனுப்பும். புதுசு யூஏஎஸ், நிறைய கட்டளைகளை வரிசையில நிறுத்தி அனுப்பும், வேகம் அதுலதான். சில பிரிட்ஜ் சிப்கள் யூஏஎஸ் தெரியும்னு சொல்லிக்கும், நெரிசல்ல தடுமாறும். அப்படிப்பட்ட சாதனங்களுக்குன்னே லினக்ஸ் கர்னல்ல ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கு. உங்களோடது அதுல இல்லைன்னா, பூட் வரில (கம்ப்யூட்டர் கிளம்பும்போது கர்னல் படிக்கற கட்டளை வரி) யூஎஸ்பி-ஸ்டோரேஜ் க்விர்க்ஸ்ல உங்க சாதன எண்ணைப் போட்டு கடைசியில யூ எழுத்தைச் சேர்த்தா பழைய மொழிக்கு மாறிடும். வேகம் கொஞ்சம் குறையும், தொங்கல் நிக்கும். ஆனா முதல்ல என்க்ளோஷர் கம்பெனி தளத்துல ஃபர்ம்வேர் இருக்கான்னு பாருங்க. அதே சிப்னு வேற கம்பெனி ஃபர்ம்வேரை ஏத்திடாதீங்க, பெட்டி செங்கல் மாதிரி செத்துடும்.

விண்டோஸ்காரங்களுக்கு: டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி அட்டாச்டு ஸ்கஸின்னு இருந்தா புது மொழி, வெறும் யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ்னா பழசு. ஈவென்ட் வியூவர்ல யூஏஎஸ்பிஸ்டோர் பேர்ல 129-ங்கிற எண் வந்தா, ட்ரைவ் பதில் சொல்லாததால விண்டோஸே ரீசெட் பண்ணியிருக்குன்னு அர்த்தம். ஏன் சொல்லலைன்னு அது சொல்லாது.

கரிக்குருவி | ஜூன் 7, காலை 10.15

எஜெக்ட் பண்ணிக் கழற்றினா எண் நகரல. முன்பக்கத்துல அறுந்து போனப்ப ஒண்ணு ஏறிச்சு. திரும்ப அறுந்தப்ப திரும்ப ஒண்ணு. பின்பக்கத்து டைப்-சி-ல போட்டேன், நேத்து ராத்திரி முழுக்க ஓடிச்சு, எண் அசையல.

ஒரு பயம்: கடைசி தடவை அறுந்து திரும்ப வந்தப்ப ஃபார்மட் பண்ணணுமான்னு கேட்டுச்சு.

திருப்புளி | ஜூன் 7, காலை 10.22

பண்ணலைன்னு சொல்லுங்க.

கரிக்குருவி | ஜூன் 7, காலை 10.24

பண்ணல.

திருப்புளி | ஜூன் 7, காலை 10.50

நல்லது. அந்தக் கேள்விக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட்ல வர்ற இனிஷியலைஸ் கேள்விக்கும் பதில் எப்பவும் இல்லைங்கிறதுதான், உள்ள வேணும்ங்கிற கோப்பு ஒண்ணாவது இருந்தா. ட்ரைவ் பாதி முழிச்சு வந்தப்ப கேட்ட கேள்வி அது. பின்பக்கம் மாட்டினப்ப எல்லாம் தெரிஞ்சதுன்னா பிரச்சினை தீர்ந்தது. ஆனா ட்ரைவ்ல கோப்புகளை அடுக்கற முறை (ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்ஃபேட்டா? அதுல ஜர்னல் (செய்யப் போற மாற்றத்தை முதல்ல எழுதி வெக்கற குறிப்பு) கிடையாது, எழுதற நடுவுல அறுந்தா பாதி எழுதின அட்டவணை அப்படியே நிக்கும். விண்டோஸோட மட்டும்தான் பழக்கம்னா என்டிஎஃப்எஸ் வைங்க. மேக், லினக்ஸ்னு ஊர் சுத்தற ட்ரைவ்னா எக்ஸ்ஃபேட்தான், வேற வழியில்லை. அறுந்தப்ப ஏறிட்டு இருந்த கோப்புகளை நம்பாதீங்க, அளவு சரியா இருந்தாலும் திரும்ப ஏத்துங்க.

விண்டோஸ் 10-ல 1809 பதிப்புல இருந்து வெளி ட்ரைவுக்கு க்விக் ரிமூவல்தான் இயல்பு. எழுதறதைக் கேஷ்ல வெச்சுக்காம உடனே தள்ளும். வேகத்துக்காக பெட்டர் பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்தினவங்க எஜெக்ட் பண்ணாம பிடுங்கக் கூடாது.

கரிக்குருவி | ஜூன் 8, இரவு 8.05

எல்லாம் ஓடுது. இது சம்பந்தமில்லாததா இருக்கலாம்: காப்பி ஓடும்போது மட்டும் ஒயர்லெஸ் மவுஸ் திக்குது. கம்ப்யூட்டர் திணறுதா?

திருப்புளி | ஜூன் 8, இரவு 8.31

சம்பந்தம் இருக்கு. யூஎஸ்பி 3 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ இரைச்சல் கிளப்பும், உங்க மவுஸ் பேசறதும் அங்கேதான். இன்டெல் 2012-லயே இதைப் பத்தி அறிக்கை போட்டாங்க. மவுஸோட யூஎஸ்பி ரிசீவரை (டாங்கிள்) ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர்ல போட்டு என்க்ளோஷர்ல இருந்து தள்ளி வைங்க. 2.4-ல இருக்கற வைஃபை மெதுவானாலும் இதே சந்தேகம்தான்.

மேசைவிளக்கு | ஜூன் 8, இரவு 9.14

க்விர்க்ஸ் போட்டேன், ரீசெட் நின்னுடுச்சு. நன்றி. இதுல பழைய புகைப்படங்களைப் போட்டு அலமாரில வெச்சுட்டா எத்தனை வருஷம் தாங்கும்?

திருப்புளி | ஜூன் 8, இரவு 9.50

அதுக்கு எஸ்எஸ்டி தப்பான சாமான். மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கற ஜெடெக் அமைப்போட தரத்துல, எழுதித் தேய்ஞ்சு ஆயுள் முடியற கட்டத்துல இருக்கற சாதா எஸ்எஸ்டி கரன்ட் இல்லாம 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவைக் காக்கணும்னுதான் இருக்கு. புது ட்ரைவ் அதைவிட நல்லாவே தாங்கும். ஆனாலும் ஒரே பிரதியை அதுல வெச்சுப் பூட்டறது வேண்டாம். ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு பிரதி வைங்க, எஸ்எஸ்டியை அப்பப்ப மாட்டி கோப்புகளைப் படிச்சுப் பாருங்க.

கரிக்குருவி | ஜூன் 9, காலை 9.30

கடைசிக் கேள்வி. 20 ஜிபிபிஎஸ் என்க்ளோஷர் ஒண்ணு கண்ணுல பட்டுது. மாத்தலாமா?

திருப்புளி | ஜூன் 9, காலை 9.47

அந்த 20 வரணும்னா போர்ட்டும் 3.2 ஜென் 2x2-வா, அதாவது 10 ஜிபிபிஎஸ் பாதை ரெண்டு சேர்ந்ததா, இருக்கணும். மேக்ல அது கிடையாது, 10-க்கு இறங்கிடும். யூஎஸ்பி4 போர்ட் இருந்தாக் கூட 2x2 கட்டாயம் இல்லை, அங்கேயும் 10-ல நிக்கலாம். உங்க லேப்டாப் விவரப் பட்டியல்ல 20 ஜிபிபிஎஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா புதுப் பெட்டிலயும் இப்ப வர்ற அதே 930-தான், சூடு மட்டும் கூடலாம்.